வேலிக்கு இந்தப் பக்கத்து வண்டு

"சாணிவண்டு" என்று அத்தைக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன், என் பெரியப்பா. மாட்டுக்கு மாதாமாதம் குடற்புழு மருந்து கொடுத்தால், அது சாணியில் இறங்கி, சாணியை உருட்டிப் புதைக்கும் வண்டைக் கொன்றுவிடும் என்று அவள் சொன்னதற்குத்தான் அந்தக் கேலி. அதோடு விட்டாரா? குடும்ப மேய்ச்சல் நிலத்தைப் பாதியாகப் பிரித்து வேலியும் போட்டார். அத்தை கறுவிக்கொண்டே மாடு மேய்த்தாள்.

மூன்றாம் வருடம், மருந்தை நிறுத்தாத பெரியப்பா பக்கம் வண்டும் இல்லை, அதைத் தின்னும் குருவியும் இல்லை. சாணி தட்டுத்தட்டாகக் காய்ந்து மூடியதில் புல் செத்தது. நேற்று வாளியோடு வந்தார்.

"உன் பக்கத்து வண்டு கொஞ்சம் குடும்மா."

அத்தை வாளியை வாங்கிக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வண்டு எதுக்குண்ணே? ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்கு. நீயே உருட்டு."