ஆறு சாப்பாடு, ஒன்று மரக்கறி

போன கிழமை ஒரு பொலிஸ்காரர் என் கடைக்கு வந்து பிளேன்டீ குடித்தார். பென்சன் எடுத்துவிட்டாராம். ஊருக்குப் போகிறாராம்.

"இனி எழுதுறதெண்டா எழுதுங்கோ அண்ணை. மகனைத் தேடி வந்த அந்த அம்மாவும் போய்ச் சேந்திட்டா. என்ர பேரை மட்டும் விட்டிடுங்கோ" என்றார்.

விட்டுவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். உங்களுக்குத் தெரியும் – நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தேத்தண்ணிக் கேத்திலோடு தொடங்கி, இன்று நாற்பது பேர் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடும் கடை வைத்திருக்கிறேன். பொலிஸ் கூட்டில் அடைத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் கொந்தராத்தும் என்னுடையதுதான். சும்மா கிடைக்குமா?

பொலிஸ் என்றால் நமக்குத் துவக்கும் ஜீப்பும்தான். உள்ளே ஒருவர் கதிரையில் இருந்து எழுதிக்கொண்டே இருப்பாரே... அவரை யார் பார்க்கிறோம்? டெலிபோன் அடித்தால் அவர்தான் எடுப்பார். எங்கே வெடித்தது, எங்கே சடலம் கிடக்கிறது – முதலில் அவர் காதில்தான் விழும். பிடித்து வருபவர்களின் பெயரைப் புத்தகத்தில் பதிவதும் அவர்தான். இன்றைக்கு எத்தனை சாப்பாடு என்று காலையில் எனக்குத் துண்டு எழுதி அனுப்புவதும் அவர்தான். போன கிழமை வந்தவர் அந்தக் கதிரையில் இருந்தவர்.

நாலு வருசம் முந்தி, செட்டிகுளம் பக்கமிருந்து ஒரு தாய் வந்தார். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். மகனை பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். பொலிசில் போய்க் கேட்டால், இங்கே இல்லை என்கிறார்கள்.

"மொதலாளி, எம்புள்ள மச்சம் மாமிசம் தொடமாட்டான். வத்தாப்பளை அம்மனுக்கு நேந்திருக்கான். உள்ள இருந்தா மரக்கறிதான் கேப்பான்."

அன்றைய துண்டை எடுத்துப் பார்த்தேன். 'ஆறு சாப்பாடு. ஒன்று மரக்கறி.'

"அம்மா, உங்கட மகன் உள்ளுக்குத்தான்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "பொலிஸ் பெரியவர் என்ர கடைச் சோறு தின்னுற மனுசன். ஒரு கிழமையில பிள்ளையை வெளியில எடுத்துத் தாறன்" என்றும் சொல்லிவிட்டேன்.

பெரியவர் வந்தார். சாப்பிட்டார். கை கழுவினார். நான் கேட்டது அவர் காதில் விழவே இல்லை.

தாய் ஒரு நாளும் தவறவில்லை. காலை பஸ்ஸில் வந்து, அந்த மரக்கறிப் பார்சலைத் தன் கையாலேயே கட்டித் தருவார். வாழையிலையை இரண்டு தரம் துடைப்பார்.

ஒன்பதாம் நாள் துண்டில் 'ஆறு சாப்பாடு' மட்டும். மரக்கறி இல்லை.

நானே பொலிசுக்கு நடந்தேன். "தம்பி, மரக்கறியை எழுத மறந்திட்டீரோ?"

அவர் புத்தகத்தில் இருந்து நிமிரவில்லை. "அண்ணை, ஆறு எண்டது இந்தப் புத்தகத்தைப் பாத்து எழுதுறது. பேரை வெட்டச் சொல்லி எனக்கு இன்னும் ஓடர் வரேல்லை. மரக்கறி எத்தினை எண்டதுதான் விடிய கூட்டடிக்குப் போய், ஆளைக் கேட்டு எழுதுறது."

"அப்ப?"

"கேக்க ஆள் இல்லை அண்ணை."

டெலிபோன் அடித்தது. எடுத்துவிட்டார்.

கடைக்குத் திரும்பினேன். தாய் இலையைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த ஊரில் என் வாய்க்கு ஈடு கிடையாது என்பார்கள். அன்றைக்கு அதில் வந்தது இவ்வளவுதான்:

"இண்டைக்கு மரக்கறி கேக்கேல்லை அம்மா. ஆறும் மீன்தான்."

கையிலிருந்த இலையை மேசையில் வைத்தார். பிறகு – சிரித்தார்.

"பசி தாங்காம தின்னுட்டான் போல. போகட்டும் மொதலாளி, அம்மன் மன்னிச்சுக்குவா. அவனுக்குப் பதிலா நான் மச்சம் தொடாம இருந்துக்கிறேன். மீனு மட்டும் பெரிய துண்டா வைங்க."

எந்தப் பார்சலில் என்று நான் கேட்கவில்லை. ஆறிலும் பெரிய துண்டாகவே வைத்தேன்.