நன்றி இல்லாமல் முடியும் சங்கீதம்

மனு வந்தால் உடனே ஒப்புகைச் சீட்டு. ஒரு மாதத்துக்குள் பதில். முடியாவிட்டால், ஏன் முடியாது என்று ஒரு வரி. இதுதான் விதி. தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் இதை மற்றவர்களுக்கு நினைவூட்டியே தொண்டை வற்றியவன் நான்.

மேலே இருக்கும் அலுவலகத்துக்கு — ரொம்ப மேலே — இந்த விதி பொருந்தாது போலிருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் சேலையூர்த் தெருவில் எஸ்தர் டீச்சர் வீட்டில் ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீடு. பாட்டு, ஜெபம், சமோசா.

டீச்சரின் கணவர் தேவதாசனுக்கு ஜூலையில் ஸ்ட்ரோக். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஒரு 'ம்'. ஆலயத்தில் பைபிளின் சங்கீதப் பாடல்களை வாசிக்கும்போது ஆயர் ஒரு வசனம், சபை அடுத்த வசனம் என்று முறைவைத்துப் போகும் அல்லவா? சபையின் வசனத்தைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன மனிதர் அவர்.

அன்று டீச்சர் எடுத்த சங்கீதம் குழுத் தலைவர் பால்ராஜுக்குப் பிடிக்கவில்லை.

"டீச்சர், இது வேணாமே. ஃபுல்லா புலம்பல். கிறிஸ்மஸ் டைம்... ஒரு ஸ்தோத்திர சங்கீதம் எடுப்போம்."

"எனக்கு இப்போ ஸ்தோத்திரம் வரல, பிரதர்."

"அப்போ கடைசில ரெண்டு துதி வசனம் சேத்துக்கலாம். பாசிட்டிவா முடிக்கணும்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதி கேட்க வேறு யாரைப் பார்ப்பார்கள்?

"மனுவைத் திருத்துற அதிகாரம் மனுதாரருக்கு மட்டும்தான், பால்ராஜ்."

"சார், இது பைபிள். தாலுகா ஆபீஸ் இல்ல."

இல்லையா? சங்கீதங்களை ஒருமுறை ஃபைல் பார்ப்பதுபோலப் பாருங்கள். துதிப் பாடல்கள் என்று பெயர்; பெரும் பங்கு புகார். முதலில் பெயர் சொல்லி விளிப்பு. பிறகு குறை. பிறகு, முன்னோர்களுக்குச் செய்ததை எடுத்துக்காட்டி வாதம். பிறகு கோரிக்கை. கடைசியில், இன்னும் வந்துசேராத உதவிக்கு முன்கூட்டியே நன்றி. எனக்குப் பழக்கமான படிவம்தான்.

இவற்றை எழுதிய பழைய எபிரேயக் கவிஞர்கள் எதுகை மோனைக்கு அலையவில்லை. ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு சொற்களில் திரும்பச் சொல்லும். முதல் தடவை காதில் விழுந்ததா என்று சந்தேகம் உள்ளவன் அப்படித்தானே பேசுவான்?

டீச்சர் எடுத்ததில் அந்தக் கடைசி நன்றி மட்டும் இல்லை. இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. மற்றவற்றோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள். பதில் எழுதப்படாத மனுவை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

அதையே வாசித்தோம். டீச்சர் ஒரு வசனம், நாங்கள் ஒரு வசனம். தேவதாசன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சமோசா சாப்பிட்டோம். பால்ராஜ் 'பாத்தீங்களா' என்பதுபோலச் செருப்பை மாட்டினார்.

டீச்சர் விடவில்லை. தினமும் காலையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே சங்கீதம். தன் வசனத்தைச் சொல்வாராம். அடுத்த வசனத்துக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாராம். பிறகு மூன்றாவது.

"அந்த வசனத்தையும் நீங்களே வாசிச்சிடலாமே, டீச்சர்?" என்றேன்.

"அது அவரோடது, சார். நான் எப்படி எடுத்துக்கறது?"

ஒரு நாள் காலை, தேவதாசன் சொல்லிவிட்டார். தன்னுடைய வசனத்தை, குழறலோடு, முழுசாக. கடவுளைப் பார்த்து 'ஏன்' என்று கேட்கும் வசனம். டீச்சர் அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. எங்கள் கதவைத்தான் வந்து தட்டினார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் நிதானமானவர். "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது முதல்ல வரும், ஆன்ட்டி. சொந்தமா பேசறது வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டாராம். தண்ணீருக்கு இன்னும் 'ம்'தான். பால்ராஜோ அற்புதம் என்கிறார். டீச்சரை ஆலயத்தில் எல்லோர் முன்னும் சாட்சி சொல்லச் சொல்கிறார்.

"கேஸ் இன்னும் முடியல, பிரதர்" என்றார் டீச்சர்.

அற்புதத்துக்குச் சான்றளிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அற்புதமா இல்லையா என்று வாதாட அலுப்பாகவும் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வந்த தேதியை மட்டும் பதிவு செய்கிறேன்: மாட்டுப் பொங்கல். அரசு விடுமுறை.