முதல் வருடப் பூ

எங்கள் தெருவில் ப்ளூபெர்ரி வளர்த்த ஒரே வீடு எங்களுடையது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டுக்காரர்கள் வாசலில் ஒரு கற்பூரவல்லி, மிஞ்சினால் ஒரு ரோஜா என்று நியாயமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

செடியை வாங்கியது அம்மா. நர்ஸாக இருந்த அவளுக்குக் குவைத்தில் ஒரு வருட வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் நர்சரியில் நின்று, இடுப்புயரம்கூட இல்லாத அந்தச் செடியைத் தொட்டியோடு வாங்கிவந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. அவள் கிளம்பிய அன்று, வழியனுப்ப வரமாட்டேன் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து, குனிந்து பார்த்துச் சொன்னாள்.

"அந்தச் செடில பழம் பழுக்கறதுக்குள்ள அம்மா வந்துடுவேன் கண்ணு. நீ தண்ணி ஊத்திப் பாத்துக்கோ."

என்னை வெளியே வரவழைக்க வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். பழம் சீக்கிரம் வந்தால் அம்மாவும் சீக்கிரம் வருவாள் என்பது என் கணக்கு.

செடிக்கு எங்கள் போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வாளியில் வெள்ளையாகப் படியும் அந்த உப்புத் தண்ணீரில் இலைகள் மஞ்சளாகின. மழைத் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் ஏசியில் சொட்டும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார் நர்சரிக்காரர். எங்கள் வீட்டில் ஏசி ஏது? தெருமுனை ஏடிஎம்மில் இருந்தது. பள்ளி விட்டதும் கழுத்தில் தொங்கிய சாவியால் கதவைத் திறப்பேன், பையை எறிவேன், காலி பெயிண்ட் வாளியோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வாளி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்த கன்னடக்காரக் காவலாளிக்கு அரைகுறைத் தமிழ். பழத்துக்கு அவர் ஹண்ணு என்பார்.

"பாப்பா, ஹண்ணு பந்துச்சா?"

"இன்னும் இல்ல தாத்தா."

அப்பாவின் கம்பெனி பஸ் எட்டு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் பல நாட்களில் நான் பேசிய பேச்சு இவ்வளவுதான். வீட்டுக்குள் தனியாக இருக்கப் பிடிக்காமல், வாளி நிறைந்த பிறகும் நிறையாத மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் வந்தது. வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் செடி பூத்தது. தொங்கும் மணி மாதிரி குட்டிக்குட்டி வெள்ளைப் பூக்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை, வீடியோவில் கூப்பிடுவாள். அப்போது செடியைக் காட்டி, டிக்கெட் போடச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து போய்ப் பார்த்தால், செடிக்குப் பக்கத்தில் அப்பா குந்தியிருந்தார். செடியில் ஒரு பூ இல்லை. எல்லாம் அவர் உள்ளங்கையில் இருந்தன.

"முதல் வருசப் பூவ விடக்கூடாது கண்ணு. கிள்ளிட்டாத்தான் செடி தேறும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சொன்னது பொய்யில்லை. எந்த நர்சரியில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் அதுவரை அந்தச் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஊற்றாத மனிதருக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்த அக்கறை? அப்படிக் கேட்கும் சாமர்த்தியம் அன்றைக்கு எனக்கு இல்லை. அழத்தான் தெரிந்தது.

ராத்திரி அப்பாவின் போனில் அம்மா கூப்பிட்டதும் முதல் வேலையாகக் கோள் சொன்னேன். அப்பாவுக்கு நன்றாக விழும் என்று காத்திருந்தேன். அம்மா சொன்னதோ வேறு.

"அப்பா செஞ்சது சரிதான் கண்ணு. அடுத்த வருசம் நல்லாக் காய்க்கும்."

அப்புறம் திரையில் அம்மாவின் முகம் போய், அவள் அறையின் மின்விசிறி மட்டும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேலையை மேலும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்து அந்த வாரம்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை என்னிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கோ, இருவரும் சேர்ந்துகொண்டு என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்றிருந்தது. அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன்.

அப்பாவின் கைக்குத் தப்பிய பூ ஒன்று இருந்தது. இலைமறைவில் அது காயாகி உருண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா கண்ணில் படாமல் இலையை இழுத்து மூடி வைத்தேன். மார்ச்சில் காய் பச்சை மாறி லேசாகச் சிவந்தது. அம்மா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டாள். வருவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஒரு நாள் காலையில் காயின் ஒரு பக்கம் நீலம் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் முழுக்கப் பழுத்துவிடும். பள்ளிச் சீருடையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிள்ளிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். பழம் பழுக்கவில்லை, அதனால் அம்மா சொன்னது இன்னும் பொய்யாகவில்லை.

உள்ளே அப்பா எனக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பூவைக் கிள்ளிய அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அன்றைக்கும் தீரவில்லை.