எலி டாக்டர் விட்டுக்கொடுக்காத இரண்டு எலிகள்

தெருவில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, தையல்கடை நடத்தும் அவளுடைய சொந்த அக்காதான். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுச் சும்மா போய்விட முடியாது. தங்கையின் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பாட்டம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆராய்ச்சி இதுதான். கல்லீரல் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பித்த அமிலங்களை உருமாற்றுகின்றன. மாறிய அமிலங்கள் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே திரும்பிப்போய், கொழுப்பைச் சேர்ப்பதா கரைப்பதா என்று அதற்குச் சேதி சொல்கின்றன. நல்ல சேதி சொல்லவைக்கும் ஒரு பாக்டீரியாவைத் தங்கை பிடித்துவிட்டாள் என்று அக்கா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவளுடைய கல்லீரலிலேயே கொழுப்புப் படிந்து வீங்கிக் கிடந்தது. மதுவை மோந்துகூடப் பார்க்காதவளிடம், திருட்டுத்தனமாகக் குடிக்கிறாயா என்று கேட்ட உறவுக்காரர்களும் உண்டு. அவர்கள் துணியை இன்றுவரை அவள் தொடுவதில்லை.

சோதனையில், பாக்டீரியா கொடுத்த எலிகளின் கொழுப்பேறிய கல்லீரல் தேறியது. கொடுக்காத எலிகளுக்குத் தேறவில்லை, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் ஒன்றும் கொடுக்காமலே ஜம்மென்று தேறியிருந்தன. முடிவை அறிவிக்கும் மாநாடோ நெருங்கிவிட்டது. ஏதோ கோளாறான எலிகள், கணக்கிலிருந்து எடுத்துவிடு என்றார் துறைத் தலைவர். மாநாட்டில் பேசினால் அவளுக்குத் தனி ஆய்வகம் கிடைக்கும் என்றும் ஆசை காட்டினார். அவள் பிடித்த பிடியில் நின்றாள். மாநாட்டில் வேறொருவர் பேசினார். ஆய்வகமும் அவருக்கே போயிற்று.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது, இனி யார் முகத்தில் விழிப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. மருந்து தள்ளிப்போகிறதே, அதுவரை தன் கல்லீரல் தாங்குமா?

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள். "ரெண்டே ரெண்டு எலிடி. தூக்கிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேக்கா. அதை மறைச்சு ஒரு மருந்தைச் செஞ்சா, உனக்கு எந்தத் தைரியத்துல நான் அதைக் குடுப்பேன்?"

அக்கா கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டத் தொடங்கினாள். கோபம் என்னவோ இறங்கவில்லை. கொஞ்ச நாள் தங்கையிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

தங்கை அந்த இரண்டு எலிகளின் பூர்வீகத்தைத் துருவ ஆரம்பித்தாள். எலிக்கூடத்துப் பராமரிப்பாளர் முதலில் மென்று விழுங்கினார். பிறகுதான் விஷயம் வந்தது. தண்ணீர் பாட்டில் ஒழுகி அவற்றின் கூண்டு நனைந்துவிட்டதாம். அது காய்கிறவரை பக்கத்துக் கூண்டில் விட்டு வைத்தாராம். பக்கத்துக் கூண்டு பாக்டீரியா கொடுத்த எலிகளுடையது. எலிகளுக்கோ ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்கிற வழக்கம். பாக்டீரியா அப்படியே குடி மாறியிருக்க வேண்டும்.

அதையும் ஊகமாக விட அவளுக்கு மனமில்லை. புதிய எலிகளை வைத்து வேண்டுமென்றே செய்து பார்த்தாள். புழுக்கையைத் தின்ற எலிகளின் இரத்தத்தில் பித்த அமிலங்கள் மாறின, கல்லீரல் தேறியது. அதே புழுக்கையைச் சூடாக்கி, பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எறியச் சொன்ன எலிகள்தான் வழி காட்டியிருந்தன. துறைத் தலைவரே வந்து கை குலுக்கினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அளவெடுக்கும்போதே புழுக்கைக் கதையை விலாவாரியாகச் சொன்னாள். பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்கட்டுமே, அவளுக்கென்ன?

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. அக்கா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். துணைக்கு வந்த தங்கையிடம், தனக்குக் குணமாகிவிடுமா என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியலைக்கா. எலிக்கு ஆச்சு. மனுஷங்களுக்கு ஆகுமான்னு இனிமேதான் பாக்கணும்."

பக்கத்தில் காத்திருந்த பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்டுபிடித்த தங்கையே தெரியாது என்கிறாளே, எதை நம்பி உள்ளே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"அவ தெரிஞ்சா மட்டும்தாங்க தெரியும்னு சொல்லுவா," என்றாள் அக்கா. "அதை நம்பித்தான்."

செவிலியர் கூப்பிட்டதும் நிமிர்ந்து உள்ளே நடந்தாள்.