அம்மா பெயரில் நான் வைத்த ஸ்டேட்டஸ்

ஒன்பதாம் வகுப்பில் அப்பாவோடு பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்தேன். தப்பு என்னுடையது என்று வீட்டில் சொன்னார்கள். இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் தோழிகளோடு பானிபூரி தின்றதில் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு அப்பா முந்திரிக்கொல்லையிலிருந்து அழுக்கு லுங்கியோடு வண்டியில் வந்து இறங்கி, அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் வகுப்பே அதை நடித்துக் காட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை, பாடம் ஏறவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தொட்டித் தண்ணீரெல்லாம் தீருகிறதே என்று அம்மா கதவைத் தட்டினாள்.

அப்பாவும் சளைத்தவரல்ல. என்னிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பார். "அது சாப்டுச்சா?" என்பார். நான் அவருக்கு எதிரேதான் இட்லியைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

பதினோராம் நாள் தாங்கவில்லை. எனக்கென்று போன் கிடையாது. அம்மாவின் போனை எடுத்து, 'இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. கண்காணாத இடத்துக்குப் போகிறேன்' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அப்பா மட்டும் பார்த்துப் பதறட்டும் என்பது என் கணக்கு. அது அம்மாவின் சிரித்த போட்டோவோடு சொந்தபந்தம் மொத்தத்துக்கும் போகும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பெரம்பலூரிலிருந்து அம்மாவின் அண்ணன் ஒரு பை சாத்துக்குடியோடும், பஞ்சாயத்துப் பேச இரண்டு பெரியவர்களோடும் காரில் வந்து இறங்கினார். கருவாடு அலசிக்கொண்டிருந்த அம்மா, அண்ணனைக் கண்ட சந்தோஷத்தில் கை கழுவ ஓடினாள். அழுகையை மறைக்க ஓடுகிறாள் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

"எந்தங்கச்சிய என்ன மாப்ள பண்ணுனீங்க?" என்று போனை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அப்பா மெதுவாக, இரண்டு முறை படித்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"தப்பு எம்மேலதான் மச்சான்," என்றார். "என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துல நாலு பேரு முன்னாடி கத்திட்டேன். இனிமே கத்தமாட்டேன்."

ஈரக்கையோடு வந்த அம்மா, இவர் தன்னைப் பார்த்து எப்போது கத்தினார், எதற்குப் பயந்தார் என்று புரியாமல் விழித்தாள். மாமா ஒரு மணி நேரம் அப்பாவுக்குப் புத்திமதி சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே ஒரு சாத்துக்குடியை உரித்துப் பாதியை என் பக்கம் நீட்டினார். தப்பித்தேனடா சாமி என்று வாங்கித் தின்றேன்.

"புளிக்குதுப்பா," என்றேன். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது அதுதான்.

என்னைக் காப்பாற்ற அப்பா எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறார் என்று அன்றைக்கு எனக்கு ஒரே ஆச்சரியம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது.