மடிப் புடவையின் ஈரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சிசேரியனில் மகள் பிறந்து பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம். தையல் போட்ட இடத்தில் ஈரம் படக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஹோமத்தில் உட்கார மடிப் புடவைதான் கட்ட வேண்டும். துவைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்திய ஒன்பது கஜம். அந்த மழையில் எது உலரும்? "லேசான ஈரந்தானே, ஹோமச் சூட்டுல காய்ஞ்சுடும்" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தலைக்குக் குளித்து, வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன்.

முந்தின நாள் மாலையிலிருந்தே தையலில் சுருக் சுருக்கென்று இருந்தது. நடமாட்டம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். நேரம் ஆக ஆகப் புடவை மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அடிவயிற்றில் மட்டும் ஈரம் போகவே இல்லை. மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு. விரலில் மஞ்சளாக ஏதோ. இது புடவையின் ஈரம் இல்லை, புண்ணிலிருந்து வருகிறது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் குளிரில் உடம்பு உதறுகிறது. கையில் குழந்தை, சுற்றிலும் ஆண்கள், மந்திரம் அதுபாட்டுக்கு ஓடுகிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் கதி என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மாமியாரைப் பார்த்தேன். முகத்தில் என்ன தெரிந்ததோ, கிட்டே வந்து குனிந்தார். "அம்மா, இங்க மட்டும் காயவே இல்ல" என்று விரலைக் காட்டினேன்.

அவர் நிமிர்ந்து, "ஸ்வாமி, நிறுத்திக்கோங்கோ" என்றார்.

"முகூர்த்தம் போயிடுமே" என்றார் ஹோமம் பண்ணிவைத்த வாத்தியார்.

"போகட்டும். இவ இப்பவே டாக்டர்கிட்ட போயாகணும்."

குழந்தையைக் கணவர் வாங்கிக்கொண்டார். ஆட்டோ காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. "நான்தானேடி கட்டிக்கச் சொன்னேன்" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

டாக்டரம்மா ஒரு தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி மருந்து வைத்துக் கட்டினார். "நல்லவேளை, மேல் தோலோட நின்னுருக்கு. உள்ள இறங்கியிருந்தா ரொம்பக் கஷ்டம்ங்க" என்றவர், எங்கள் இருவருக்கும் சேர்த்து நன்றாக டோஸ் விட்டார். திட்டு வாங்கும்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாமியாரோடு எனக்கு இன்றும் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் கோபத்தில் வார்த்தை வாய்வரை வரும்போதெல்லாம், அத்தனை பேர் நடுவில் ஹோமத்தை நிறுத்தச் சொன்ன அந்தக் குரல் காதில் கேட்கும், பேசாமல் விழுங்கிவிடுகிறேன்.