அக்காவின் டிராக்டருக்கு வந்த இரண்டு பேட்டரிகள்

எங்கள் அக்கா கடம்பத்தூரை அடுத்த சிற்றூரில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா படுத்த படுக்கையானதும் டிராக்டர் ஓட்டக் கற்றார். முதலில் சிரித்தவர்களே பிறகு உழவுக்கு அவரைத் தேடி வந்தார்கள். அந்த உழைப்பில்தான் அவர் தங்கை நான் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மின் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்கா சிகிச்சையில் இருந்த மாதங்களில் டிராக்டர் ஓடாமல் நின்று, பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை. மறுநாள் நடவு. சேற்றுழவைத் தானே ஓட்ட வேண்டும் என்று அக்கா உறுதியாக இருந்தார். வேறு வண்டி வைத்து ஓட்டலாம் என்றார் மாமா, அக்காவின் கணவர். அக்கா கேட்கவில்லை.

பேட்டரி வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை மாமாவிடம் சொல்லி அனுப்பினேன்: ஆம்பியர், தட்டில் உட்காரும் அளவு, தயாரித்த மாதம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பது. அவர் வாங்கி வந்ததில் முதல் மூன்றும் சரியாக இருந்தன.

"இன்னாய்யா, பிளஸ்ஸு அந்தப் பக்கம் கீது?" என்றார் அக்கா.

"எல்லாம் ஒண்ணுதான்."

"திருப்பி வச்சாலும் கேபிள் எட்டாது. ரெண்டு தபா நீதான மாட்டுன. தெரியாதா உனக்கு?"

மாமா தரையைப் பார்த்தார். "வண்டி கெளம்பலேன்னா நீ ஊட்ல படுத்துக்கினு இருப்பேன்னு பார்த்தேன்."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "படுக்கத்தான போறேன். நாத்து காத்துக்கினு இருக்குமா? போய் மாத்திக்கினு வா. பாப்பா, நீயும் கூடப் போ. இல்லாட்டி இந்த ஆளு ஸ்கூட்டர் பேட்டரிய வாங்கியாந்துடும்."

மாமாவே முதலில் சிரித்தார்.

மாற்றி வந்த பேட்டரியை நானும் மாமாவும் தூக்கி வைத்தோம். ஸ்பேனரை அக்கா யாரிடமும் தரவில்லை. கேபிள் நுனியில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். பிளஸ்ஸை இறுக்கினார், மைனஸைக் கடைசியில் மாட்டினார். இடையில் இரண்டு முறை மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வரப்பில் நின்று பார்த்தோம். அக்கா வயல் முழுவதையும் ஓட்டினார். அவர் இறங்கியபோது நான்கு மூலையிலும் தண்ணீர் ஒரே ஆழத்தில் நின்றது. எங்கும் ஒரு திட்டு இல்லை. வேலையிடத்தில் துல்லியத்தைக் கருவி வைத்து அளக்கிறேன். நிற்கவே முடியாத உடம்பிலிருந்து அது வந்ததை அன்றுதான் கண்டேன். மாமா அக்காவின் கால் சேற்றைக் கழுவிவிட்டார்.

கதிர் பால் பிடித்திருந்தபோது அக்கா மறைந்தார்.

பேட்டரியை மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்த கடைக்காரர், நடவு நட்ட பெண்கள், இரவும் பகலும் துணையிருந்த உறவினர்கள், மருத்துவமனைச் செவிலியர் அனைவருக்கும் எங்கள் வணக்கம். அந்த வயலின் நெல்லில் ஒரு பங்கை மாமா விற்காமல் வைத்திருந்தார். இந்த முதலாண்டு நினைவு நாளில் உங்கள் இலைக்கு வருவது அந்தச் சோறுதான். இருந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள்.